ஆரணியில் தைத்த ஜெர்மன் கோட்டு

"கோட்டு தெக்கணுங்க. நீலத்துல. உள்ளாற போட்டுக்க மஞ்சள்ல ஒண்ணு."

பங்குனி மாதத்து மதியம். ரோட்டுத் தார் இளகி, போகிறவர் வருகிறவர் செருப்பையெல்லாம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. எங்கள் தையல் கடையில் அப்பா தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு மிஷின் மிதித்துக்கொண்டிருந்தார். காலை எடுக்காமல் தலையை மட்டும் தூக்கினார்.

"நாடகமா?"

"இல்லீங்க."

"கல்யாணமா?"

"இல்லீங்க. சொம்மா நானே போட்டுக்கத்தான்."

"இந்த வெயில்லயா?"

வந்தவர் பொட்டலத்தைப் பிரித்தார். நல்ல கனமான நீலக் கம்பளித் துணி, வேலூரில் வாங்கியது. அதன்மேல் தறியில் மிஞ்சிய மஞ்சள் பட்டு. பூசணிப்பூ நிறம். பார்த்ததும் எனக்கு வியர்த்தது.

அப்பா மஞ்சள் பட்டை விரலில் தேய்த்துப் பார்த்தார். "இது இன்னா, சட்டையா?"

"சட்டைக்கு மேல, கோட்டுக்கு உள்ளாற போடறதுங்க. கை கெடையாது."

"கை இல்லாத ரவிக்கைய இந்த ஊர்ல பொம்பளைங்களே போட யோசிக்கிறாங்க. நீ ஆம்பள, உனுக்கு இன்னாத்துக்குப்பா?"

நான் மூலையில் உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்க நூலைப் பல்லால் கடித்தேன். அடங்கவில்லை. வந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அது என்ன பார்வை என்று எனக்கு அப்போது புரியவில்லை. வெயிலில் மயக்கம் வருகிறது போலிருக்கிறது என்று நினைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன்.

குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தில் ஒரு படம். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் மரத்தடியில் சோகமாக நிற்கிறான். நீலக் கோட்டு, மஞ்சள் உள்ளுடுப்பு.

"இந்த மாதிரிங்க."

"அப்ப புக்க வெச்சிட்டுப் போ. படத்தப் பாத்துதான் வெட்டணும்."

"நான் இன்னும் அத..." என்று எதையோ சொல்ல வந்தவர், என்னைப் பார்த்து, பிறகு அப்பாவைப் பார்த்து, "சரிங்க" என்று வைத்துவிட்டுப் போனார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை அது. எனக்கு நிச்சயதார்த்தம் முடிந்து, ஆவணியில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

எதிர் மாடி

அவர் பெயர் தணிகாசலம். தேவிகாபுரத்தில் வேர்க்கடலை போடுகிற குடும்பம். பி.ஏ. படித்தார், உத்தியோகம் கிடைக்கவில்லை. கை மட்டும் நன்றாகப் படம் போடும். ஆரணியில் ஒரு பட்டுச்சேலை முதலாளி அதைப் பார்த்துவிட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

சேலை பார்டரில் வருகிற அன்னமும் மாங்காயும் முதலில் கட்டம் போட்ட காகிதத்தில்தான் பிறக்கும். கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்ப வேண்டும். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டால், தறி அந்த ஓட்டைகளைப் படித்துப் பூவை நெய்துவிடும். தணிகாசலத்துக்கு அந்தக் கட்டம் நிரப்புகிற வேலை. எங்கள் கடைக்கு எதிர் மாடியில் ஜன்னலோரம் மேசை போட்டு, நாளெல்லாம் குனிந்து கிடப்பார்.

நிமிர்ந்தால் எதிரே நான்.

அவருக்கு என்மேல் எப்போது அப்படி ஆனது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது. என் அம்மா பட்டு நூல் சுற்றி இழைக்கிற வேலைக்குப் போவார். தம்பி தங்கைகளைச் சமாளிப்பது என் பொறுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடை வாசலில் வரிசையாக உட்கார வைத்து, பேக்கரி பன்னைப் பிட்டுப் பிட்டுக் கொடுப்பேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து வரிசையில் நுழைந்துவிடும். மேலே ஜன்னலிலிருந்து பார்த்தவருக்கு நான் கருணையே உருவாகத் தெரிந்திருக்கிறேன்.

அந்தத் தூரத்தில் என் பேச்சு காதில் விழுந்திருக்காது. "ஜல்தி துன்னுட்டு எழுந்து தொலைங்க, பேஜார் புடிச்சதுங்களா" என்பதுதான் நான் தினமும் சொன்னது.

அவர் போதாத காலம், என்னைக் கவனிக்கத் தொடங்கிய அதே வாரம் நூலகத்தில் அந்த நாவல் அவர் கையில் கிடைத்தது.

கோட்டு புக்கு

கடையில் அதற்கு நாங்கள் வைத்த பெயர் அதுதான். உண்மையில் அது உலகப் புகழ் பெற்ற ஜெர்மன் நாவல். இருநூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வந்து, எங்கள் ஊர் நூலகத்துக்கு வந்து, அங்கிருந்து எங்கள் மிஷின் பலகைக்கு வந்து சேர்ந்திருந்தது. அதுவரை நான் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் மட்டும் படித்தவள். பொத்தான் தைத்து அலுத்த ஒரு நாள் அதை எடுத்தேன்.

கதாநாயகன் படம் வரைகிற ஆள். உத்தியோகத்தில் மனம் ஒட்டாது. ஒரு வீட்டுக்குப் போகிறான். அங்கே ஒரு பெண், சுற்றி நிற்கிற தம்பி தங்கைகளுக்கு ரொட்டியை வெட்டி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறான்.

ரொட்டிக்குப் பதில் பன் என்று வைத்துப் பார்த்தேன். தொடர்ந்து படித்தேன்.

அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை ஒழுங்கான ஆள், அரசாங்க வேலை, அதிர்ந்து பேசமாட்டான். கதாநாயகன் அந்த மாப்பிள்ளையோடும் சிநேகமாகிறான். பிறகு அழுகிறான். நிலாவைப் பார்த்து அழுகிறான், மரத்தை வெட்டினால் அழுகிறான், கவிதை வாசித்து அவளையும் அழ வைக்கிறான். அந்த ஆளுக்கு மட்டும் ஒரு தறியைக் கொடுத்து உட்கார வைத்திருந்தால் இத்தனை அழ நேரம் இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

சிரித்துக்கொண்டே படித்தவள் கடைசிப் பகுதிக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டேன். பயணம் போகிறேன் என்று சொல்லி, இதற்குள் அவளைக் கட்டிக்கொண்டிருந்த கணவனிடம் ஒரு பொருளை இரவல் கேட்டனுப்புகிறான். என்ன பொருள் என்று நான் எழுதப் போவதில்லை. கணவன் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கச் சொல்கிறான். அந்தப் பெண்ணின் கையாலேயே அது போகிறது. கதாநாயகன் தன் உயிரை முடித்துக்கொள்கிறான். அந்த நீலக் கோட்டோடு தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவன் கடைசி ஆசை.

என் மடியில் தணிகாசலத்தின் நீலக் கோட்டு கிடந்தது. அதற்குத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

பயத்தில் முன்னால் திருப்பி முன்னுரையைப் படித்தேன். அது இன்னும் மோசம். புத்தகம் வந்ததும் ஐரோப்பாவில் இளவட்டமெல்லாம் நீலக் கோட்டும் மஞ்சள் உள்ளுடுப்புமாகக் கிளம்பிவிட்டதாம். அந்தக் கதையின் படம் போட்டு டீக் கோப்பை விற்றார்களாம், விசிறி விற்றார்களாம், கதாநாயகன் பெயரில் அத்தர்கூட வந்ததாம். ஒரு சக்கரவர்த்தி படையெடுத்துப் போனபோது பெட்டியில் வைத்து எடுத்துப் போனாராம். சில ஊர்களில் புத்தகத்துக்குத் தடை. ஒரு ஊரில் அந்த உடைக்கும் சேர்த்துத் தடை. சிலர் கதையின் முடிவையும் பின்பற்றிவிட்டார்கள் என்று பேச்சு எழுந்து, எழுதியவரே அடுத்த பதிப்பில் எச்சரிக்கை சேர்த்தாராம்.

எழுதியவரைப் பற்றியும் இரண்டு பக்கம் இருந்தது. அவரும் நிச்சயமான ஒரு பெண்ணை விரும்பியவர்தானாம். அந்தப் பக்கங்களை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஊரெல்லாம் நீலம்

கோட்டு பிரமாதமாக வந்திருந்தது. அதுதான் வம்பு.

சாயங்காலங்களில் தணிகாசலம் அதை மாட்டிக்கொண்டு கோட்டை மைதானத்துப் பக்கம் நடப்பார். முன்னால் திறந்த நீலக் கோட்டு, உள்ளே மினுமினுக்கிற மஞ்சள் பட்டு, நெற்றியில் வியர்வை. முதல் நாள் ஊர் சிரித்தது. இரண்டாவது வாரம் ஒரு பையன் எங்கள் கடைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"டெய்லரே, அந்த டிசைன்காரர் போடறாரே, அந்த மாதிரி நீலத்துல சட்ட தெப்பியா? பேன்ட்டு மஞ்சள்ல?"

அதற்குப் பிறகு தாங்கவில்லை. அரிசி ஆலைப் பையன்கள், சாயப்பட்டறைப் பையன்கள், சைக்கிள் கடைக்காரர் என்று எல்லோரும் நீலமும் மஞ்சளுமாகத் திரிந்தார்கள். காரணம் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். அந்தக் கோடையில் ஆரணியில் காதலில் தோற்றவர்கள் ஏராளம். காதலித்தவர்கள்தான் குறைவு. எங்கள் தெருவில் ஒருவன் தாடி வளர்த்து, அரிசி மண்டிக்காரர் மகள் வீட்டு முன்னால் நின்றான். அந்தப் பெண்ணின் அம்மா வெளியே வந்து, "இன்னாடா தம்பி, மூஞ்சில சொறியா? ஆஸ்பத்திரிக்கிப் போறதுதான?" என்று கேட்டதும் மறுநாளே மழித்துவிட்டான்.

முதலாளி விடுவாரா? நீல உடலுக்கு மஞ்சள் பார்டர் போட்டு ஒரு சேலை டிசைன் கேட்டார். தணிகாசலம் கட்டத்தில் சொட்டுச் சொட்டாக ஏதோ வரைந்து கொடுத்தார். கண்ணீராம். முதலாளி அதை 'மழைத்துளி' என்று சொல்லி விற்றார். நன்றாகப் போனது.

இதற்கு நடுவில் தணிகாசலம் கடைக்கு வந்து, "ஐயா, அந்த புக்க..." என்று கேட்பார்.

"இருப்பா, இன்னும் ஆர்டர் வந்துகினே கீது. படத்தக் காட்டினாதான் பசங்க ஒத்துக்கிறானுங்க" என்று அப்பா அனுப்பிவிடுவார்.

கடைசியில் நூலகரே புத்தகத்தைத் தேடி வந்தார். கோபமாகத்தான் வந்தார். போகும்போது மஞ்சள் பேன்ட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு, புத்தகத்தை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

சேத்துப்பட்டு மாப்பிள்ளை

எனக்கு நிச்சயித்திருந்தவர் ராஜவேலு. சேத்துப்பட்டில் சர்வேயர். நிலம் அளக்கிறவர்களுக்குப் பேச்சும் அளந்துதான் வரும் போலிருக்கிறது. வாரம் ஒரு நாள் பஸ்ஸில் வருவார். அப்பாவோடு உட்கார்ந்து டீ குடிப்பார். "வெயில் ஜாஸ்தியா கீதுங்க" என்பார். ஒரு மணி நேரம் கழித்து, "அப்ப நான் வரட்டுங்களா" என்பார். என்னிடம் நேராகப் பேசியது மிகக் குறைவு. ஆனால் நான் சிரித்தால் அவர் காது சிவக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

தணிகாசலம் அவரோடு சிநேகமானார். நாவலில் வருகிற மாதிரியே! இரண்டு பேரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைக் கடையிலிருந்து பார்க்கும்போது எனக்கு ஊசி கையில் குத்தும். ஒருவர் கையை வீசி வீசிப் பேசுவார். மற்றவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஒரு நாள் ராஜவேலு தயங்கித் தயங்கி அப்பாவிடம் கேட்டார். "எனுக்கும் அந்த மாதிரி நீலத்துல ஒரு சட்ட தெச்சிக் குடுக்கறீங்களா?"

"வாணாம்!" என்று நான் கத்திவிட்டேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். என்ன சொல்வது? "உங்களுக்கு வெள்ளதான் எடுப்பா கீதுங்க" என்றேன். அவர் காது சிவந்தது. அதற்கப்புறம் பல வருஷம் அவர் வெள்ளை தவிர வேறு போட்டதில்லை.

என் பயம் அப்போது யாருக்கும் தெரியாது. யாரிடம் சொல்வது? ஜெர்மன் தேசத்தில் ஒருவன் செத்தான், அதனால் எதிர் மாடிக்காரர் செத்துவிடுவார் என்று அம்மாவிடம் சொன்னால் வேப்பிலை அடிப்பார். சொன்னால் ஊர் என் பெயரைத்தான் இழுக்கும். கல்யாணமே நின்றுபோகலாம். ஆடி மாதம் பிறந்ததும் எதிர் ஜன்னல் சாத்தியே கிடந்தது. தணிகாசலம் இளைத்துப்போனார். மெஸ் பக்கமே வருவதில்லை என்று மெஸ்காரர் அப்பாவிடம் சொன்னார்.

இஸ்திரிக்கு வந்த கோட்டு

ஆடிக்காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த மதியம். அப்பா சாப்பிடப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். தணிகாசலம் படியேறினார். வெள்ளைச் சட்டை. கையில் மடித்த நீலக் கோட்டு.

"இத இஸ்திரி போட்டுத் தரீங்களா? ஒரு பயணம் போறேன்."

கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தேன்.

"எங்க?"

"தூரம்."

"எப்ப வருவீங்க?"

"வர மாதிரி இல்லீங்க." தரையைப் பார்த்தார். "ராஜவேலு அண்ணங்கிட்ட சொல்லிடுங்க. அவரு ரொம்ப நல்லவரு."

நாவலில் அவனும் அந்தக் கணவனை நல்லவன் நல்லவன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கோட்டைப் பிடுங்கி, மிஷினுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"தர மாட்டேன்."

"இன்னாங்க?"

"நானும் படிச்சேன் அந்தக் கதைய. கடைசி வரிக்கும் படிச்சேன். இஸ்திரி போட்ட கோட்டு எதுக்குன்னு எனுக்குத் தெரியும். பொதைக்கறதுக்கா என் நைனா இத முதுகு ஒடியத் தெச்சாரு? காஜா பூரா நான் எடுத்தது!"

அவர் வாயைத் திறந்தார். நான் விடவில்லை. மாதக்கணக்கில் நெஞ்சில் தேக்கி வைத்தது மொத்தமும் வந்துவிட்டது.

"அவன் பாட்டுக்குப் போய்ச் சேந்துட்டான். ஊரெல்லாம் அவனுக்காக அழுது. அந்தப் பொண்ணு இன்னா ஆனான்னு ஒருத்தராவது கேட்டாங்களா? அவ இன்னா தப்பு பண்ணா? ரொட்டி வெட்டிக் குடுத்தா! மறுநாள் காலைல எழுந்து அந்தப் பசங்களுக்கு எப்டி சோறு போட்டிருப்பா? ஆயுசு முழுக்க எந்த மூஞ்சிய வெச்சிகினு புருஷனப் பாத்திருப்பா?"

"இல்லீங்க, நான்..."

"எழுதின ஆளும் இப்டித்தான், நிச்சயமான பொண்ண விரும்பினாராம். முன்னுரைல போட்டுகீது. அவரு செத்தாரா? ஊர உட்டுக் கெளம்பினாரு. ஒக்காந்து எழுதினாரு. பெரிய உத்தியோகம் பாத்து, எம்பது வயசுக்கு மேல இருந்துட்டுத்தான் போனாரு. அந்தப் பொண்ணு கெழவியானப்பறம் அவரப் போயிப் பாத்துட்டுக்கூட வந்துச்சாம். கோட்டு தெக்கறதுன்னா அந்தாளப் பாத்து தெச்சிக்கினு இருக்கலாமில்ல? கதைல வர்றவனப் பாத்து எதுக்குத் தெச்சீங்க?"

மூச்சு வாங்கியது. தணிகாசலம் மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அவன் செத்துடறானா?" என்று கேட்டார்.

"நீங்க படிக்கலியா?" என்றேன்.

"நான் பாதிதாங்க படிச்சேன். மழ பெய்யச்சொல்லோ ரெண்டு பேரும் ஜன்னலாண்ட நிப்பாங்களே, அதுக்குக் கொஞ்சம் தள்ளி. அப்பத்தான் உங்க நைனா புக்க வாங்கி வெச்சிக்கினாரு. எத்தினியோ வாட்டி கேட்டேன், குடுக்கவே இல்ல." நிறுத்தினார். "கடைசில ரெண்டு பேரும் சேந்துடுவாங்கன்னு நெனச்சிகினு இருந்தேங்க."

அதைச் சொன்னபோது அவர் குரல் இருந்த விதத்தை என்னால் எழுத முடியாது.

"பின்ன எந்தப் பயணம்?"

"பெங்களூர். அங்க ஒரு பட்டு மில்லுல டிசைன் போடற வேல கெடச்சிருக்கு. ஆடி மாசத்துல அங்க குளிரும்னாங்க. அதுக்குத்தான் கோட்டு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடுத்த நிமிஷம் வேறு பயம் பிடித்துக்கொண்டது. தெரியாதவருக்கு முடிவைச் சொல்லிக் கொடுத்துவிட்டேனே! இதற்குமேல் மூடி மறைத்து என்ன?

"நெசமா சொல்லுங்க. அந்த மாதிரி எதுனா நெனப்பு கீதா?"

வெளியே காற்று ஒரு சினிமா நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

"ஒரு நாள் வந்திச்சிங்க. ஆத்தங்கரைல ரொம்ப நேரம் ஒக்காந்துகினு இருந்தேன். அப்பறம் பசிச்சிச்சி. எழுந்து வந்துட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதான் கெளம்பறேன். இங்க இருந்தா இன்னொரு நாள் பசிக்காம போயிடப் போவுதுன்னு."

வாசலில் இரண்டு பேர்

"யாரு செத்தது?"

திரும்பினேன். வாசலில் ராஜவேலு, கையில் குடையோடு. பின்னால் வாயைத் துடைத்துக்கொண்டு அப்பா. எவ்வளவு நேரமாக நின்றார்களோ தெரியாது. என் கல்யாணம் இதோடு போயிற்று என்று நினைத்தேன்.

"யாரும் சாவலங்க. ஒரு கதை" என்றேன். பிறகு, அரைகுறையாகச் சொன்னால் இன்னும் மோசமாகும் என்று பட்டது. கதையைச் சொன்னேன். நான் பயந்ததைச் சொன்னேன். தணிகாசலத்தின் மனதில் இருந்ததை மட்டும் அவர் வாயால் சொல்லாததால் நானும் சொல்லவில்லை.

ராஜவேலு குடையை மூலையில் சாய்த்தார். "எனுக்குத் தெரியும் புவனா" என்றார். அவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "டீக்கடைல அவன் பேசற பேச்சு எல்லாம் இந்தக் கடைய சுத்திதான் இருக்கும். எனுக்கும் தெரியும், டீக்கடைக்காரனுக்கும் தெரியும். உங்க நைனாவுக்குத்தான் தெரியாது."

"எனுக்கு இன்னா தெரியாது?" என்றார் அப்பா. "பங்குனி வெயில்ல ஒருத்தன் கம்பளிக் கோட்டு கேக்கறான், என் மூஞ்சியப் பாக்காம என் பொண்ணு மூஞ்சியப் பாத்துகினு கேக்கறான். அளவு எடுக்கச்சொல்லோ நெஞ்சு அடிக்கிறது டேப்புல தெரிஞ்சிச்சிப்பா."

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

"எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்று ராஜவேலு அவரைக் கேட்டார்.

"மூணு மணிக்குங்கண்ணா."

"நானும் வரேன்."

"எதுக்குங்கண்ணா?"

"சொம்மாதான். வேலூர்ல எனுக்கு ஒரு வேல கீது."

வேலூரில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. அன்றைக்கு அவர் வந்தது கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதிக்கொண்டு போக.

நான் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு விசிறினேன். மூன்று ஆண்களும் உட்கார்ந்திருக்க, அந்தக் கோட்டை ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்துக் கொடுத்தேன். தணிகாசலம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வரேங்க" என்றார். என்மேல் இருந்த ஆசையைக் கடைசிவரை ஒரு வார்த்தையாகக்கூட அவர் என்னிடம் சொல்லவேயில்லை.

ராஜவேலு அவருடைய தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டார். இரண்டு பேரும் புழுதிக்குள் நடந்து போனார்கள்.

ராஜவேலு திரும்பி வந்தது மறுநாள் சாயங்காலம். வேலூரோடு நிற்கவில்லை. பெங்களூர் வரைக்கும் போயிருக்கிறார். தங்குகிற அறையைப் பார்த்து, வேலை செய்யப்போகிற இடத்தைப் பார்த்து, அதன்பிறகுதான் பஸ் ஏறியிருக்கிறார். லீவு சொல்லாமல் போனதற்கு ஆபீசில் திட்டு விழுந்ததாம்.

"எப்டி கீறாரு?" என்று கேட்டேன்.

"பக்கத்துலயே ஒரு மெஸ்ஸு கீது. அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வந்துகீறேன், ரெண்டு வேளையும் ஒழுங்கா துன்றானான்னு பாத்துக்கச் சொல்லி." கொஞ்சம் யோசித்தார். "அடுத்த மாசம் ஒரு தபா போயிப் பாத்துட்டு வரணும்."

போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்.

பிற்பாடு

எங்கள் கல்யாணம் ஆவணியில் நடந்தது. நீலச் சட்டை மோகம் தீபாவளிக்குள் அடங்கிவிட்டது. தாடிக்காரன் அத்தை மகளையே கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருந்தான்.

தணிகாசலம் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பொங்கலுக்கு, மனைவியோடும் கைக்குழந்தையோடும் எங்கள் சேத்துப்பட்டு வீட்டுக்கு வந்தார். நன்றாகப் பருத்திருந்தார். தனியாக டிசைன் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். என்னை "அண்ணி" என்று கூப்பிட்டார். முதல் தடவை கூப்பிட்டபோது மட்டும் கொஞ்சம் தடுமாறினார். அவர் மனைவி ஓசூர்ப் பக்கம். கலகலப்பான பெண். சமையலறையில் என் காதோடு, "நெஜமாவே உங்களுக்காக அவ்ளோ அழுதாருங்களா? எனக்காக ஒரு சொட்டு விட்டதில்ல மனுஷன்" என்றாள். "உங்களத்தான் கட்டிக்கினாரே, பின்ன எதுக்கு அழணும்?" என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. சாப்பிடும்போது அதைக் கணவரிடம் உரக்கச் சொல்ல, அவருக்குப் புரையேறிற்று. ராஜவேலுதான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு ராஜவேலுவுக்கு அந்த நாவலைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நூலகத்தில் சொல்லி வைத்து வாங்கி வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாயில் படுத்துக்கொண்டு, நில வரைபடம் பார்ப்பதுபோல ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் படித்தார். சாயங்காலம் மூடி வைத்தார்.

"புவனா, அந்தப் புருஷங்காரன் தப்பா ஒண்ணும் பண்ணலியே?"

நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் பண்ணலங்க. கேட்டத எடுத்துக் குடுத்துட்டு அவரு பாட்டுக்கு வேலையப் பாத்துகினு இருந்தாரு. நீங்க பஸ் ஏறினீங்க."

அவர் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "காப்பி போடட்டுமா?" என்றார்.

அதுவரை அவர் அடுப்படிப் பக்கம் வந்ததே இல்லை. பால் பொங்கி வழிந்தது, சர்க்கரை அள்ளிப் போட்டிருந்தார். இரண்டு பேரும் அதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தோம்.